கதவோரத்து ஆறு தொட்டிகள்

பதினெட்டுத் தொட்டிகளில் மொட்டு வந்துவிட்டது. கதவோரம் இருந்த ஆறு தொட்டிகளில் மட்டும் வரவில்லை.

எல்லாம் ஒரே நாளில் நட்ட செவ்வந்தி நாற்று. ஒரே உரம், ஒரே தண்ணீர், ஒரே விளக்கு. அந்த ஆறும் நோய் கண்டவை போலவும் இல்லை. சொல்லப்போனால் மற்றவற்றைவிடச் செழிப்பாக, இலைமேல் இலையாக விட்டுக்கொண்டிருந்தன. பூக்கிற எண்ணம்தான் அவற்றுக்கு இல்லை.

2024 செப்டம்பர் முதல் வாரம் அது. குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு மாலை போட்டவர்கள் செவ்வாடையில் நடமாடத் தொடங்கியிருந்தார்கள். அக்டோபர் 12 ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். அதற்குள் அந்தப் பின்னறையில் பூ மலர்ந்தாக வேண்டும். அது அம்மாவின் நேர்ச்சை.

முந்தைய வருடம் அப்பாவுக்குத் திருநெல்வேலியில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது, அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முத்தாரம்மனிடம் சொல்லியிருந்தார்: “இவியள எழுப்பி நடக்க விட்டுரு தாயே, எங்க வீட்டுப் பூவுலயே உனக்கு மாலை கட்டிப் போடுதேன்.” அப்பா எழுந்து நடந்தார். பூதான் வரவில்லை. கடலில் இருந்து கூப்பிடு தூரத்து வீடு. ஆடிக்காற்றில் உப்பும் மணலும் சேர்ந்து வந்து இலை ஓரங்களைக் கருக்கிவிடும். போர் தண்ணீரில் உப்பு. முதல் வருடம் முற்றத்தில் வைத்த இருபது செடியில் ஒன்றுகூடத் தேறவில்லை. “தோவாளைச் சந்தையில வாங்கிப் போட்டா சாமி வேண்டாம்னா சொல்லும்?” என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அம்மா கேட்கிற ஆள் இல்லை. எங்க வீட்டுப் பூ என்று வாய்விட்டுச் சொன்னது சொன்னதுதான்.

அந்தச் சமயத்தில்தான், 2024 மே மாதக் கடைசியில், மகன் ஓசூரிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தான்.

ஓசூர்ப் பக்கம் பசுமைக் குடில்களில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். ரோஜா, ஜெர்பரா, செவ்வந்தி என்று அவன் கை படாத பூ இல்லை. ஆனால் வந்தவனிடம் அப்பா சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு போனில் ரம்மி ஆடி, கடன் செயலிகளில் வாங்கி, அந்தக் கடன்காரர்கள் அப்பாவின் போனுக்கே கூப்பிட்டு அசிங்கமாகப் பேசினார்கள். அம்மாவின் வடத்தை விற்று அடைத்த கடன் அது. அவன் அதற்குப் பிறகு ரம்மியைத் தொடவில்லை என்கிறான். அப்பா நம்பினாரா என்றால், நம்பவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் அதைவிடப் பெரிய தண்டனை எது?

அவன் அம்மாவிடம் சொன்னான்: “முத்தத்துல வராதும்மா. உள்ள வளத்துத் தாரேன்.”

கருப்பட்டிப் பானைகள் வைத்திருந்த பின்னறையைக் காலி செய்தான். தடித்த பழைய சுவர். வெளியில் கொதித்தாலும் உள்ளே சூடு அவ்வளவாக ஏறாது. ராத்திரி வெப்பம் கூடினால் செவ்வந்தி மொட்டு வைக்கத் தாமதிக்கும். அதனால் அந்தச் சுவர் ஒரு பாதி வேலையைச் செய்துவிட்டது. மீதியை அவன் செய்தான். வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்குகள் நான்கு, சிவப்பும் நீலமும் கலந்து ஊதாவாக எரிகிற ஒரு பலகை விளக்கு, இரண்டு மின்விசிறிகள், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. நாற்று, ஓசூர் நண்பன் ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் போட்டுவிட்டது. ஜூன் நடுவில் இருபத்துநான்கு தொட்டியிலும் நட்டாயிற்று.

செவ்வந்தி பூப்பதற்கு வெயிலைவிட இருட்டுதான் முக்கியம். இதைப் பலர் நம்ப மாட்டார்கள். அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலையையும் சோயாவையும் வைத்து ஆராய்ந்து, பகலின் நீளம்தான் பூக்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறது என்று 1920-ல் எழுதினார்கள். பகல் குறைந்தால் பூக்கிறவை குறும்பகல் செடிகள். செவ்வந்தி அந்த வகை. பிறகு 1938-ல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தைச் செடியில் இன்னொன்றைக் கண்டார்கள்: செடி உண்மையில் கணக்கு வைப்பது பகலை அல்ல, ராத்திரியை. நீண்ட ராத்திரியின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டால் போதும், ‘இன்னும் ராத்திரி நீளவில்லை’ என்று செடி ஏமாந்து பூக்காமல் இருந்துவிடும். இலையில் இருக்கிற பைட்டோகுரோம் என்ற நிறமிதான் இந்தக் கணக்குப்பிள்ளை.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போகிறவர்கள், செவ்வந்தித் தோட்டத்தில் வரிசையாகப் பல்பு எரிவதைப் பார்த்து ஏதோ திருவிழா என்று நினைத்திருக்கலாம். செடி உயரமாக வளரும்வரை பூக்க விடாமல் பிடித்து வைக்கிற வெளிச்சம் அது. குலசேகரன்பட்டினம் பூமத்தியரேகைக்குப் பக்கம். இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அவன் கொண்டுவந்த ரகத்தை அப்படியே விட்டால் சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். அதனால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ராத்திரி பத்து மணி முதல் இரண்டு மணி வரை விளக்கை எரியவிட்டான். ஒருமுறை நுனி கிள்ளினான். செடி கிளைத்து முழங்கால் உயரம் வந்தது.

பிறகு காலண்டரை எடுத்துப் பின்னோக்கி எண்ணினான். இருட்டு தொடங்கிய நாளிலிருந்து அந்த ரகம் பூக்கப் பத்து வாரம். அக்டோபர் 12-லிருந்து எழுபது நாள் பின்னால் போனால் ஆகஸ்ட் 3. ஆடிப் பதினெட்டு. அம்மாவுக்கு அது போதும்; தெய்வமே தேதி குறித்துக் கொடுத்தது என்று சொல்லிவிட்டார்.

ஆடிப்பெருக்கு அன்று மாலை ஐந்து மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்தான். சன்னலுக்கு இரட்டைக் கறுப்புத் துணி, கதவிடுக்குக்குப் பழைய சாக்கு. காலை ஏழு மணிக்குத்தான் மறுபடி வெளிச்சம். பத்து மணி நேரம் பகல், பதினான்கு மணி நேரம் ராத்திரி. “இனி சாயங்காலம் அஞ்சுக்கு மேல யாரும் உள்ள வரக்கூடாது” என்று பொதுவாகச் சொன்னான். அம்மாவிடம் சொன்ன மாதிரிதான் இருந்தது.

அப்பா ஆறுமுகனேரி உப்பளத்தில் முப்பது வருடம் கணக்கு பார்த்தவர். தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. கடல்நீர் பாத்தியில் காய்ந்து காய்ந்து இருபத்தைந்து டிகிரிக்கு வரும்போது உப்பு இறங்கும். மானியைப் போடாமலே பாத்தியின் நிறம் பார்த்து டிகிரி சொல்லுவார். மகன் ஒருநாள் தொட்டிக்கு அடியில் வடிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசற்படியில் நின்ற அப்பா குனிந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். “ஏறிட்டு” என்றார். மீட்டரும் அதைத்தான் காட்டியது. அந்த மூன்று மாதத்தில் மகனிடம் அவர் நேராகப் பேசிய முதல் சொல் அதுவாக இருக்கலாம்.

உப்பு ஏறியதற்குக் காரணம், போர் தண்ணீரில் இருக்கிற உப்போடு போடுகிற உரமும் உப்புதான் என்பது. செடி குடித்தது போக மிச்சம் தொட்டியிலேயே தங்கும். அதன்பிறகு, குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து, ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்காவது அடியில் வடிகிற மாதிரி ஊற்றினான். தேங்காய் நார்த்தூளையே நடுவதற்கு முன்பு மூன்று தண்ணீரில் அலசித்தான் போட்டிருந்தான். அதிலும் உப்பு இருக்கும். உரத்தில் அவன் கணக்கு எளிது. வளரும்போது 19:19:19. மொட்டு கண்ணுக்குத் தெரிந்ததும் தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல்சத்தைக் கூட்டி 13:0:45. பொட்டாஷ் வேண்டுமென்றால் சல்பேட்தான். கடைகளில் மலிவாகக் கிடைக்கிற மியூரியேட்டில் குளோரைடு இருப்பதால், ஏற்கெனவே உப்புத் தண்ணீர் குடிக்கிற செடிக்கு அது ஆகாது. இதழில் நிறம் எட்டிப் பார்த்ததும் உரமே வேண்டாம், தண்ணீர் மட்டும்.

அம்மா தன் பங்குக்குச் சாளை மீன் கழிவில் கருப்பட்டி போட்டு ஊறவைத்து ஒரு வாளி மீன் அமிலம் தயாரித்திருந்தார். நல்ல சரக்குதான். ஆனால் முழுக்கத் தழைச்சத்து. பூக்கிற நேரத்தில் கொடுத்தால் இலைதான் வரும். மூடிய அறையில் அந்த வாடையும் வேறு. வாளி முற்றத்து முருங்கைக்குப் போனது. அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையான தலைவலி ஈரப்பதம். பகலில் குடித்த தண்ணீரைச் செடி மூச்சாக விடும். பதினான்கு மணி நேரம் அடைத்துவைத்த அறையில் அது எங்கே போகும்? முதல் வாரமே விடியற்காலையில் மீட்டர் 88 காட்டியது. மொட்டு இறுகி நெருங்கி இருக்கும் நேரத்தில் ஈரம் தங்கினால் சாம்பல் பூசணம் உள்ளேயிருந்து பிடிக்கும்; வெளியே தெரியும்போது பூ அழுகியிருக்கும். காற்றை வெளியேற்றினால் ஓட்டை வழியாக வெளிச்சம் வரும். அதற்கு அவன் ஒரு பி.வி.சி. குழாயை இரண்டு முழங்கை வைத்து வளைத்து, உட்புறம் கறுப்புச் சாயம் அடித்து, அதில் விசிறியைப் பொருத்தினான். காற்று வளைந்து போகும், வெளிச்சம் போகாது. தண்ணீர் காலையில் மட்டும், வேரில் மட்டும். தொட்டிகளை இடைவெளி விட்டு நகர்த்தினான். மீட்டர் அறுபதுகளுக்கு இறங்கியது.

விண்வெளியிலேயே இந்தப் பாடு இருந்திருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஜினியாச் செடி வளர்த்தபோது, 2015 டிசம்பரில், ஈரம் கூடிப் பூசணம் பிடித்தது. விசிறியை வேகமாக விட்டால் செடி காய்ந்தது. எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதைத் தரையிலிருந்து வரும் அட்டவணை சொல்ல வேண்டாம், செடியைப் பார்த்து நானே முடிவு செய்கிறேன் என்று விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி கேட்டு வாங்கினார். 2016 ஜனவரியில் பூத்தது. 2024 பிப்ரவரி 28-ல்தான் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள் என்பதால், இந்தக் கதையை மகன் சொன்னபோது அம்மாவுக்கு அது பக்கத்துத் தெருச் செய்தி மாதிரி இருந்தது. “அவனாவது செடியப் பாத்து ஊத்துனானே” என்றார்.

இதற்கிடையில் தெருவில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை முழுக்க நடுராத்திரியில் சன்னலில் ஊதா வெளிச்சம். ஆகஸ்டில் திடீரென்று கறுப்புத் துணி. சுவரில் வளைந்த குழாய். ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்த பார்சல். வேலையை விட்டு வந்த, ஏற்கெனவே கடனில் பேர் கெட்ட பையன். இலங்கைக்குப் படகில் கடத்த வைத்திருந்த கஞ்சா மூட்டை பிடிபட்டது என்று இந்தக் கடற்கரையைப் பற்றிப் பேப்பரில் அடிக்கடி வரும். பெருநகர அடுக்குமாடிகளில் அறைக்குள் விளக்குப் போட்டுக் கஞ்சா வளர்த்தவர்கள் பிடிபட்ட செய்தியையும் ஜனங்கள் போனில் பார்க்கிறார்கள். ஊர் இரண்டையும் கூட்டிக் கழித்துவிட்டது. அதில் ஊரைக் குறைசொல்லவும் முடியாது. கஞ்சாவும் பெரும்பாலும் குறும்பகல் செடிதான். ராத்திரி நீண்டால் பூப்பது. கறுப்புத் துணியை வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது எது என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தால் சும்மாவா விடுவார்கள்? 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் 20-வது பிரிவில், கஞ்சாச் செடி பயிரிட்டால் பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

விநாயகர் சதுர்த்தி கழிந்த வாரம், ராத்திரி எட்டு மணி இருக்கும், இரண்டு காவலர்கள் வந்தார்கள். மூத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “அண்ணாச்சி, ஒரு தகவல் வந்திருக்கு. பின்னறையப் பாக்கணும்.”

மகன் கதவை மறித்து நின்றுவிட்டான். “சார், காலையில ஏழு மணிக்கு வாங்க. இப்ப லைட் போடக்கூடாது.”

இதைவிட மோசமான பதிலை அவன் யோசித்தாலும் சொல்லியிருக்க முடியாது. இளைய காவலர் சட்டென்று நிமிர்ந்தார். அம்மா அடுப்படி வாசலில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ராத்திரி, வெளிச்சம், மொட்டு என்று மகன் ஏதேதோ சொல்ல, சொல்லச் சொல்ல அது இன்னும் பொய் மாதிரியே ஆகிக்கொண்டு போனது.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

“தம்பி, உள்ள இருக்கது சிவந்திச் செடி. நான் தெனமும் ராத்திரி ஒரு மணிக்கு உள்ள போய்ப் பாக்கேன். எனக்குத் தெரியாம அங்க ஒரு எல கிடையாது.”

மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

காவலர்கள் அந்தச் சொல்லை மட்டும் நம்பிப் போய்விடவில்லை, போகவும் கூடாது. மூத்தவர் போன் வெளிச்சத்தில் அரை நிமிடம் உள்ளே பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தார். “சிவந்திதான்” என்றார். வெளியே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். தன் அம்மா வீட்டில் இந்த மஞ்சள் செவ்வந்தி நின்றதாகவும், அது போன பிறகு அந்த வகையைப் பார்க்கவே இல்லை என்றும், பூத்து முடிந்ததும் ஒரு நாற்று தர முடியுமா என்றும் கேட்டார். தசரா டூட்டிக்கு ஆள் போடுகிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

அவர்கள் போனபிறகும் மகன் கதவண்டையிலேயே நின்றான். கதவுக்கு உட்புறம் அந்த ஸ்டூல். அதன் மேல் அப்பாவின் எமர்ஜென்சி விளக்கு. விளக்குக்கு முன்னால் ஆறு தொட்டிகள்.

“எத்தன நாளாப்பா?”

“ஆடியிலருந்து.”

“எவ்வளவு நேரம் இருப்பிய?”

“அரை மணி. சில நாள் கூட.” அப்பா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். “மொதல் நாள் சந்தேகத்துலதான் போனேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் தூக்கம் வரலேல. ஆபரேஷனுக்குப் பொறவு ஒரு மணிக்கு முழிப்பு தட்டிருது. அங்க போய் உக்காந்தா ஒரு மாதிரி நல்லாருக்கு.”

மகன் எதுவும் சொல்லவில்லை. ஆறு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அறையின் உள்மூலைக்குக் கொண்டுபோய் வைத்தான். அப்பா இரண்டைத் தூக்க வந்தார். நெஞ்சில் தையல் போட்டவர் கனம் தூக்கக்கூடாது என்று அம்மா சத்தம் போட்டார்.

மறுநாள் மகன் கோயில் பக்கம் போய், தசராவுக்கு வேஷச் சாமான் விற்கிற கடையில் பச்சைக் கண்ணாடித்தாள் வாங்கிவந்தான். எமர்ஜென்சி விளக்கின் முகத்தில் நான்கு மடிப்பாகச் சுற்றி நூலால் கட்டினான். செடியின் அந்த நிறமி சிவப்பு வெளிச்சத்துக்குத்தான் அதிகம் அசையும். மங்கலான பச்சைக்குப் பெரிதாக அசையாது. இருட்டறைக்குள் நுழைய வேண்டியிருந்தால் தோட்டக்காரர்கள் பச்சை விளக்கைத்தான் எடுத்துப் போவார்கள். விளக்கை அப்பாவின் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, “இது எரிஞ்சா ஒண்ணும் ஆகாது” என்றான். கடையில் சிவப்புத் தாளும் மஞ்சள் தாளும் தீர்ந்துபோய் பச்சை மட்டும் மிச்சம் இருந்ததாம். காளி வேஷத்துக்கும் குறவன் வேஷத்துக்கும் அது தேவைப்படாது போல.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் கதவு திறந்து மூடியது. அம்மாவுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறை திறந்தது. பேச்சுச் சத்தம் எதுவும் வரவில்லை.

பதினெட்டுத் தொட்டிகளும் சொன்ன சொல் தவறவில்லை. பத்தாம் திருநாள் காலை அம்மா தரையில் வாழையிலை விரித்து உட்கார்ந்து மாலை கட்டினார். கை நீள மாலைதான். கூட்டத்தில், தாரை தப்பட்டைக்கு நடுவே, காளி வேஷக்காரர்களின் தோளுக்குக் கீழே புகுந்து அது சந்நிதிக்குப் போனது. எத்தனையோ ஆளுயர மாலைகளுக்கு இடையில் அது எங்கே விழுந்தது என்று அம்மாவால் பார்க்க முடியவில்லை. பூசாரி வாங்கிக்கொண்டதை மட்டும் பார்த்தார்.

மற்ற ஆறும் கார்த்திகையில் பூத்தன. தாமதமாக வந்தாலும், கூடுதலாகத் தழைத்திருந்ததால் கிளைக்குக் கிளை பூ. ஒருநாள் காலை அப்பா அதில் நன்றாகப் பக்கக்கன்று விட்ட தொட்டியைப் பார்த்து எடுத்து, மொபெட்டின் முன்பக்கம் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கிளம்பினார்.

“எங்கப்பா கொண்டு போறிய?”

“அந்தத் தம்பி ஒரு நாத்து கேட்டாம்லா.”

“அதுக்குப் போர் தண்ணி ஊத்த வேண்டாம்னு சொல்லுங்க.”

“அத நான் நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லுதேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்தார்.